பத்திரப் பெரியப்பா

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் "எந்த ஊர்?" என்று கேட்பது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "வாய்க்காலுக்கு வடக்கா, தெற்கா?" என்று அடுத்த கேள்வி வந்தால், பக்கத்தில் இருப்பவர் பத்திரப் பெரியப்பா என்று தெரிந்துகொள்ளலாம். குடும்பத்துக்கு ஒருவர் இப்படி இருப்பார். சில வீடுகளில் சித்தப்பா, சில வீடுகளில் தாய்மாமன். தஞ்சாவூர்ப் பக்கம் பெரும்பாலும் பெரியப்பாதான்.

சாம்பார் வருவதற்குள் எதிராளியின் தாத்தாவைக் கண்டுபிடித்துவிடுவார். ரசத்துக்கு முன்னால், "அட, நீங்க நம்ம வடக்கெல்லைக்காரர் பேரனா!" என்று பூரித்துப்போவார். அவருக்கு மனிதர்கள் பெயரால் அறிமுகமாவதில்லை, எல்லையால் அறிமுகமாகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் கிழக்கெல்லை. நாதஸ்வரக்காரர் நடைபாதை பாத்தியதை உள்ளவர். மூலையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மாள் ஒத்தியை மீட்காமல் விட்டவர் வகையறா. மொய் எழுதுகிறவர்கூட உறவு முறையை இவ்வளவு துல்லியமாக அறியமாட்டார்.

ஆள் எளிமையானவர். வெள்ளை வேட்டி, கக்கத்தில் மஞ்சள் பை. பைக்குள் இருப்பவை நகல்கள். அசல்கள் கட்டிலுக்கடியில் டிரங்குப் பெட்டியில், பாச்சை உருண்டைகளோடு உறங்குகின்றன. சாவி அரைஞாணில். பெரியம்மாவின் நகைகள் பேங்கில் இருக்கின்றன. நகையை வீட்டில் வைத்துப் பத்திரத்தை லாக்கரில் வைக்கலாமே என்று யாரோ கேட்டதற்கு, "நகை போனா வேற வாங்கிக்கலாம். 1923 போனா எங்க வாங்குவே?" என்றார்.

அந்த 1923 அவருடைய பொக்கிஷம். கொள்ளுத்தாத்தா வாங்கிய நிலத்தின் கிரயப்பத்திரம். முத்திரைத்தாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை. மடிப்புகளில் கிழிந்து, ஒன்பது துண்டுகளாகி, கண்ணாடித்தாளால் ஒட்டப்பட்டிருக்கிறது. அதை அவர் படிப்பதில்லை, பாராயணம் செய்வார். பழைய பத்திரத்தில் முற்றுப்புள்ளி கிடையாது. ‘நாளது தேதியில்’ என்று கிளம்பினால் விற்றவரின் தகப்பனார், மதம், ஜீவனம், பட்ட கடன், கடனுக்குக் காரணமான மகள் கல்யாணம், கையில் வாங்கிய பாக்கி ரொக்கம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் முதலான எட்டு போகங்களையும் கடந்து, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ என்ற இடத்தில்தான் மூச்சுவிடும். நிதி, நிட்சேபம் என்றால் புதையல். அதுவும் வாங்கியவருக்கே சொந்தம் என்று அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்கள். நூறு ஆண்டுகளாக அந்த நிலத்திலிருந்து நெல்லும் கோரையும்தான் கிடைத்து வருகின்றன.

வாசிப்பு பேச்சிலும் ஏறிவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனுக்கு அவர் எழுதிய கடிதம் இப்படித் தொடங்கும்: ‘இங்கு யாவரும் நலம். மேற்படி நலம் அங்கும் அறிய அவா.’

‘மேற்படி’ என்ற சொல்லுக்குப் பழைய எழுத்தர்கள் ஒரே இழுப்பில் போட்ட குறி ஒன்று உண்டு: ௸. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, வருஷத்துக்கு ௵. தம்பி மகன் இவற்றைப் பூச்சி அரித்த தடம் என்று நினைத்து விரலால் துடைக்கப் போனான். அன்றிலிருந்து அசலைத் தொட அவனுக்கு அனுமதி இல்லை. அவனைச் சொல்லியும் குற்றமில்லை. ஐந்து என்ற தமிழ் எண்ணை ௫ என்று எழுதுவார்கள். பார்ப்பதற்கு ‘ரு’ போலவே இருக்கும். அவன் அதை ரூபாய் என்று படித்துவிட்டு, எத்தனை ரூபாய் என்று அடுத்த பக்கத்தில் தேடிக்கொண்டிருந்தான்.

தேதி இன்னொரு கூத்து. தமிழ் வருஷம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். ஒரு நகலில் ‘ருத்ரோத்காரி வருஷம் ஆனி மாதம்’ என்று மட்டும் இருந்தது. ஆங்கிலத் தேதி இருந்த மூலையை எலி தின்றுவிட்டது. ருத்ரோத்காரி 1923லும் வந்தது, 1983லும் வந்தது. குடும்பமே குழம்பி நின்றபோது பெரியப்பா விலையைப் பார்த்தார். 99 ரூபாய். "1983ல இந்தக் காசுக்கு நிலம் இல்லடா, வேலிக்கு முள்ளுகூட வராது. இது 1923" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதென்ன 99? நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள நிலத்தை விற்றால் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டம். அதற்குக் குறைந்தால் நிலத்தை நேரில் ஒப்படைத்தாலே போதும். ஆகவே ஒரு ரூபாயைக் குறைத்துச் சீட்டு எழுதிக்கொண்டு, பதிவுச் செலவையும் மாட்டு வண்டிப் பயணத்தையும் மிச்சம் பிடித்தவர்கள் உண்டு. "பாட்டா கடைக்காரன் பின்னாடி வந்தவன். 99ஐக் கண்டுபிடிச்சது பட்டாக்காரன்தான்" என்பது பெரியப்பாவின் ஆராய்ச்சி முடிவு.

அளவு என்று வந்துவிட்டால் அவருக்கு வயது இருபது குறைந்துவிடும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. இதெல்லாம் அவருக்கு மூச்சு மாதிரி. ஒரு மா என்பது 14,400 சதுர அடி, சுமார் 33 சென்ட். சென்னைக்காரர்களுக்குச் சொல்வதானால் ஆறு கிரவுண்டு. இந்தச் சொர்க்கத்தில் பாம்பாக நுழைந்தது ஹெக்டேரும் ஏரும். 1979இல் தொடங்கி எண்பதுகளில் முடிந்த யூடிஆர் திட்டத்தில் தமிழ்நாட்டின் நிலக் கணக்குகள் புதுப்பிக்கப்பட்டன. 33 சென்ட் 13 ஏர் சொச்சமாக மாறியது. சொச்சத்தை எழுதும்போது சில இடங்களில் வாய்க்கால் வரப்பேறியது. சில பட்டாக்களில் அண்ணன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அடுத்த வயல்காரர் பெயர் ஏறியது. வயல் விளையவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை, பேரனுக்குப் பெண் அமையவில்லை என்று எது நடந்தாலும் பெரியப்பா ஒரு பெருமூச்சோடு சொல்லும் காரணம்: "எல்லாம் யூடிஆர்ல வந்த கோளாறு."

பட்டா கையில் இருக்கிறது, ஆகவே நிலம் என்னுடையது என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். பட்டா என்பது வரி கட்டுகிறவர் யார் என்று அரசாங்கம் எழுதி வைத்த குறிப்பு. அதுவே உரிமை மூலம் ஆகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. பெரியப்பா அதையே சுருக்கிச் சொல்வார்: "பட்டா ரேஷன் கார்டு மாதிரி. பத்திரம் தாலி மாதிரி."

ரிஜிஸ்டர் ஆபீஸ் அவருக்குக் குலதெய்வக் கோயில். வில்லங்கச் சான்று 1975 முதல் இணையத்தில் கிடைக்கிறது. அதனால் அவருடைய காலக்கணக்கில் கி.மு., கி.பி. பிரியும் ஆண்டு 1975. கி.பி.யை எந்தப் பிள்ளையும் கைபேசியில் பார்த்துவிடுவான், கி.மு.வுக்கு மனுப்போட்டுக் கையால் தேட வேண்டும். அதற்குப் பெயர்வாரியாக ஓர் அட்டவணை, சொத்துவாரியாக ஓர் அட்டவணை உண்டு. பெயர்வாரியில் இறங்கினால் தலை சுற்றும். பாட்டன் பெயரை வைத்துக்கொள்கிறவன்தானே பேரன்? ஆகவே ஒரே பெயர் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பத் திரும்ப வந்து, விற்றது தாத்தாவா பேரனா என்று தெரியாமல் நிற்கும். கிரயமும் ஒத்தியும் 1ஆம் புத்தகத்தில் ஏறும். உயில் 3ஆம் புத்தகத்தில் தனியாக இருக்கும், வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது. இதைத் தெரியாமல் சான்றில் வில்லங்கம் இல்லை என்று நம்பி நிலம் வாங்கியவர்களின் கதைகள் அவரிடம் ஏராளம். கருமாதி வீடுகளில் சொல்வார்.

டிரங்குப் பெட்டியின் அடித்தட்டில் பத்திரங்கள் இல்லை, கல்யாணப் பத்திரிகைகள் இருக்கின்றன. பாசத்தால் சேர்த்தவை அல்ல. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமை என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது; 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. அந்தத் தேதிக்கு முன் கல்யாணமான பெண்ணுக்கு மட்டும் அது இல்லை. ஆகவே மஞ்சள் தடவிய பத்திரிகை ஒரே நாளில் சட்ட ஆவணமாகிவிட்டது. பெரியப்பா ஊரில் உள்ள பெண்களின் முகூர்த்தத் தேதிகளைத் திரட்டி, ‘மார்ச்சுக்கு முன்’, ‘மார்ச்சுக்குப் பின்’ என்று இரண்டு கட்டாகக் கட்டினார். 2005 செப்டம்பர் 9இல் மத்திய சட்டத் திருத்தம் வந்து கல்யாணக் கணக்கை அழித்துவிட்டது. அந்தத் தேதியில் தகப்பன் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சந்தேகத்தையும் 2020இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது: மகளின் உரிமை பிறப்பால் வருவது, தகப்பன் இருந்தாக வேண்டியதில்லை. கட்டுகள் இரண்டும் செல்லாக்காசாயின. இன்னும் தூக்கிப்போடவில்லை. "சட்டம் மாறும்டா. பத்திரிகை மறுபடி அச்சடிப்பாங்களா?"

இத்தனை சட்டமும் ஊருக்குச் சொல்வதற்கு. சொந்த வீட்டுக்கு அது வந்து சேர்ந்தது தம்பி மகன் வீடு கட்டக் கடன் கேட்டபோது.

தம்பி 1988இல் சொந்தச் சம்பாத்தியத்தில் ஒரு மா கொல்லை வாங்கினார். 1996இல், உயில் எழுதாமல், தவறிவிட்டார். இப்போது மகன் அதில் வீடு கட்ட வேண்டும். பேங்கு தாய்ப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் கேட்டது. பெரியப்பாவுக்குப் பல வருஷம் காத்திருந்த கச்சேரி. மூலப்பத்திரம், வில்லங்கம், வாரிசுச் சான்று, சார்ட் அட்டையில் கலர் பேனாவால் வரைந்த வம்சாவளி எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, பேங்கு வக்கீலின் முன்னால் போய் உட்கார்ந்தார். வக்கீல் ஒரு சின்னப் பெண். பேத்தி வயது. பெரியப்பா 1923இலிருந்து ஆரம்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள். பிறகு வாரிசுச் சான்றை எடுத்தாள்.

"இதுல நாலு பேர் இருக்காங்க சார். மனைவி, மகன், மகள், அம்மா."

"எங்க அம்மா. 2003ல காலமாயிட்டாங்க. அதான் பென்சில்ல ஒரு கோடு போட்டிருக்கேன்."

"பாட்டி காலமானா பங்கும் காலமாயிடுமா சார்?"

பெரியப்பாவின் கை பையின் வாயிலேயே நின்றுவிட்டது.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் தனிச்சொத்துக்கு மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல்நிலை வாரிசு. நாலு பேருக்கும் சம பங்கு. ஆகவே அம்மாவுக்குக் கால் பங்கு, 3,600 சதுர அடி. அம்மா இறந்ததும் அது அவருடைய பிள்ளைகளுக்குப் போகும்: பெரியப்பாவுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று, முன்பே இறந்த தம்பியின் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து ஒன்று. பங்குக்கு 1,200 சதுர அடி. அதாவது அரை கிரவுண்டு.

"அப்ப இந்தச் சொத்துல வில்லங்கம் யாருன்னா..." என்று இழுத்தான் தம்பி மகன்.

"நீங்களும் உங்க தங்கச்சியும் சார்," என்று முடித்தாள் அந்தப் பெண். "ரெண்டு பேரும் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தா சரியாயிடும்."

திரும்பி வரும் பஸ்ஸில் பெரியப்பா யாரிடமும் எல்லை விசாரிக்கவில்லை. அவருக்குத் தெரியாத சட்டம் அல்ல அது. ஊரில் பத்துக் குடும்பத்துக்கு அவரே எடுத்துச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவர் ஐம்பது வருஷமாகப் படித்த பத்திரங்களில் பெண்கள் கடனுக்குக் காரணமாக வந்தார்கள், இன்னாரின் பத்தினியாக வந்தார்கள். அம்மா அவற்றில் எங்கும் பங்குக்காரியாக வந்ததில்லை. வம்சாவளியில் அம்மாவின் பெயர் அப்பாவின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

தங்கையிடம் கையெழுத்துக் கேட்கப் போனார். அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கு எவ்வளவுண்ணே இருந்துச்சு அதுல?"

"அரை கிரவுண்டும்மா."

"இருபது வருஷத்துக்கு மேலாவா? நீ சொல்லவே இல்லியே!"

"எனக்கும் அவ்வளவு இருந்துச்சு. எனக்கே தெரியாது."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வீட்டுக்கு அம்மா பெயரை வைப்பதாக இருந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னது. தம்பி மகன் உடனே சம்மதித்தான்.

பதிவு நாளன்று வரைவைப் பார்த்த பெரியப்பா, ‘புத்திர பௌத்திர பாரம்பரியமாய்’ விட்டுப்போயிருக்கிறது என்றார். கம்ப்யூட்டரில் அதற்கு இடமில்லை என்றார் பத்திர எழுத்தர். கைரேகைக் கருவி அவருடைய பெருவிரலை மூன்று முறை ஏற்கவில்லை. நாலாம் முறை ஏற்றது. கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ‘எழுதிக்கொடுப்பவர் 1’ ஆனார்.

சில நாள் கழித்து இணையத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தார். தம்பியின் 1988 கிரயத்துக்குக் கீழே ஒரே ஒரு புதிய பதிவு. எழுதிக் கொடுத்தவர்கள் பத்தியில் அவருடைய பெயரும் தங்கையின் பெயரும் இருந்தன. தகப்பனார் பெயரில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை. பிழைத்திருத்தல் பத்திரத்துக்கான வரைவை அன்றிரவே எழுத ஆரம்பித்துவிட்டார்; இரண்டு பக்கம் ஆகியும் இன்னும் முற்றுப்புள்ளி வரவில்லை.