பசை பார்க்கும் மேஸ்திரி

நாமக்கல் பக்கம் லாரி டயர் கடைகளில் அவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. கல்லாப்பெட்டி முதலாளியிடம், எண்ணெய் இலாகா இவரிடம். எந்த டப்பாவைத் திறந்தாலும் முதலில் இவரது சுண்டுவிரல்தான் உள்ளே போகும். அந்த விரலைக் கட்டைவிரலோடு தேய்ப்பார், கண்ணை மூடி மோந்து பார்ப்பார், இரண்டையும் மெல்லப் பிரித்து நூல் இழுக்கிறதா என்று பார்ப்பார். இழுத்தால் பாஸ். இல்லாவிட்டால், "இது தண்ணியாட்டம் இருக்குது கண்ணு. இதுல ஏது சத்து?"

நட்டு கழற்றும் ஏர் கன்னுக்குத்தான் இந்தச் சத்துணவுத் திட்டம். அதன் வயிற்றில் ஒரு ரோட்டர், ரோட்டரின் பள்ளங்களில் சின்னச் சின்ன பிளேடுகள். ரோட்டர் சுற்றும்போது அவை எகிறி வெளியே வந்து சிலிண்டர் சுவரைத் தொட வேண்டும். கெட்டி எண்ணெய் விட்டால் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டு குந்திவிடும். அதனால்தான் ஐ.எஸ்.ஓ. 22, 32 என்று மெல்லிசான எண்ணெயைப் போடச் சொல்கிறார்கள். மேஸ்திரியோ இன்ஜினுக்கு ஊற்றி மிஞ்சிய 20டபிள்யூ-40ஐ ஊற்றுவார். லாரியையே ஓட்டுகிற எண்ணெய் இத்தனூண்டு கன்னை ஓட்டாதா என்பது அவர் கட்சி. அழுக்கைப் பிடித்து வைக்க அந்த எண்ணெயில் கலந்திருக்கும் மருந்து, காற்றோடு வரும் தண்ணீரையும் பிடித்து வைத்துக் குழம்பாக்கிவிடும். தண்ணீருக்கா பஞ்சம்? கம்ப்ரசர் டேங்கின் அடிக்குழாயைப் போன ஆடிக்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

கன் முனகும். உடனே மண்ணெண்ணெய் வைத்தியம். இருந்த கொஞ்சநஞ்ச எண்ணெயையும் அது கழுவிவிட, கன் அரைமணி நேரம் வீறிட்டுச் சுற்றும். "பாத்தீங்களா!" என்பார். அப்புறம் வறண்டு கத்தும். அடுத்தது தேங்காய் எண்ணெய். அது 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடுகிற சாமான். மார்கழி விடியலில் முதல் லாரி வந்து நிற்க, மேஸ்திரி கன்னைக் கையில் பிடித்துக்கொண்டு சூரியனுக்குக் காத்திருப்பார்.

அளவிலும் அவர் தாராளம். காலையில் காற்றுக்குழாய் மாட்டும் வாயில் நாலைந்து சொட்டு விட்டு, கொஞ்ச நேரம் சும்மா ஓட்டினால் போதும். இவர் கவிழ்த்தே விடுவார். பக்கத்தில் நின்ற டிரைவரின் வெள்ளை வேட்டியில் புள்ளி புள்ளியாகக் கோலம் விழும். டிரைவர் முறைத்தால், "வயிறு ரொம்புனா ஏப்பம் விடாதுங்களா?"

சரியான எண்ணெய் கடையில் இல்லாமல் இல்லை. முதலாளி வாங்கி வந்த பாட்டில், சாமி படத்துக்குப் பக்கத்தில், சீல் பிரிக்காமல், விபூதி படிந்து நிற்கிறது.

"ஏனுங்க மேஸ்திரி, அதை எடுத்து ஊத்தக் கூடாதா?"

"அது வெல ஜாஸ்திங்க. இந்தக் கன்னு எப்படியும் போகப்போகுது. புதுசு வாங்கினா போடலாம்னு வெச்சிருக்கறேன்."