அறுபது வருட ஆள்மாறாட்டம்

2025 மே 31 அன்று இரவு, பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரில் ஷூட்டி காட்வாவின் உடம்பிலிருந்து பொன்னிற வெளிச்சம் பீய்ச்சியடித்தது. வெளிச்சம் அடங்கியபோது அந்த இடத்தில் பில்லி பைப்பர் நின்றுகொண்டிருந்தார். 2005-இல் இதே தொடரில் கடைச் சிப்பந்திப் பெண் ரோஸாக வந்து, டாக்டரை உருகி உருகிக் காதலித்த அதே பைப்பர். காதலித்தவரே காதலராகிவிட்டாரா, அல்லது வேறு ஏதாவதா? கடைசியில் ஓடிய பெயர்ப் பட்டியலில் வழக்கம்போல் 'டாக்டராக' என்று போடவில்லை. 'அறிமுகம்: பில்லி பைப்பர்' என்று மட்டும் போட்டார்கள். இருபது வருடமாகப் பார்த்துப் பழகிய முகத்துக்கு அறிமுகமாம்.

நம் சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு அட்டையைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடர்வார்கள். பிபிசிக்காரர்கள் அதே வேலைக்கு ஒரு அண்டசராசரத் தத்துவமே வைத்திருக்கிறார்கள். டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. இரண்டு இதயம். நீல நிற போலீஸ் பெட்டி ஒன்றில் காலத்துக்கும் கிரகத்துக்கும் குறுக்கும் நெடுக்குமாகத் திரிபவர். சாகப்போகிற நேரத்தில் சாகாமல் உடம்பை மாற்றிக்கொள்வார். ஆன்மா அழியாது, உடல்தான் சட்டை. கீதையைக் கரைத்துக் குடித்தவர்கள் எழுதிய மாதிரி இருக்கிறதல்லவா? கிட்டப்போய்ப் பார்த்தால் கீதையும் இல்லை, ஒன்றும் இல்லை. ஆளுக்கு உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்.

முகம் மாறும்போதெல்லாம் ரசிகர்களுக்கு ஒரு வேகம் வரும். முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி பார்ப்பார்கள். புது ஆள் தேறமாட்டார், பழைய ஆள்தான் தங்கம் என்று நிரூபிக்க வேண்டுமே. நானும் அந்தக் கட்சிதான். இது எனக்கு மூன்றாவது சுற்று. இதில் ஒரே தொல்லை, நாம் நமக்காகக் கூண்டில் ஏற்றுகிற பழைய எபிசோடு ஒவ்வொன்றும் பிறழ்சாட்சியாகிவிடுகிறது.

1963 நவம்பர் 23, சனிக்கிழமை சாயங்காலம் முதல் எபிசோடு. முந்தின நாள்தான் கென்னடியைச் சுட்டிருந்தார்கள். உலகமே அந்தச் செய்தியில் மூழ்கிக் கிடக்க, ஒரு கிழவர் லண்டனின் பழைய சாமான் கிடங்கில் போலீஸ் பெட்டியை வைத்துக்கொண்டு வந்தவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். மறு சனிக்கிழமை அதையே திரும்பப் போட்டுவிட்டுத்தான் இரண்டாவது எபிசோடைப் போட்டார்கள். ஆக, தொடர் தொடங்கிய ஏழாவது நாளே 'மறுபடி பார்ப்பது' தொடங்கிவிட்டது. இதை எங்கள் கூட்டத்தின் ஸ்தல புராணமாகக் கொள்ளலாம்.

இதைத் தூக்கி நிறுத்தியவர்களைப் பாருங்கள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு 27 வயது. இயக்குநர் வாரிஸ் ஹுசைன் லக்னோவில் பிறந்தவர், 24 வயது. கழுத்துப்பட்டை கட்டிய ஆண்கள் மட்டுமே நடமாடிய பிபிசி வராந்தாவில் ஒரு பெண்ணும் ஒரு இந்தியரும். தொடருக்கு விதை போட்ட சிட்னி நியூமன் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருந்தார்: முட்டைக்கண் பூதங்கள் எதுவும் வரக்கூடாது, குழந்தைகளுக்குச் சரித்திரமும் விஞ்ஞானமும் போகட்டும். டிசம்பர் முடிவதற்குள் டாலெக் வந்துவிட்டது. மிளகுப் புட்டிக்குச் சக்கரம் கட்டி, கழிவறை அடைப்பெடுக்கும் ரப்பர் கோப்பையைக் கையாக மாட்டியது போன்ற ஒரு பூதம். நாடே அதன் காலில் விழுந்தது. அதற்குக் கால் இல்லை என்பது வேறு விஷயம். முதலில் கொதித்த நியூமன் அப்புறம் வாயைத் திறக்கவில்லை.

முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னல். மரியாதைக்குரிய மனிதர், ஆனால் வசனம் மட்டும் அவரிடம் நிற்காது. லைம் குரோவ் ஸ்டூடியோவின் சிறிய அறையில், கிட்டத்தட்ட நேரடி ஒளிபரப்பு மாதிரி ஒரே ஓட்டமாக எடுப்பார்கள். நாடாவை வெட்டி ஒட்ட ஏகச் செலவு, அதனால் உளறியது உளறியதுதான். டாலெக் கதையில் எல்லாரும் கதிர்வீச்சில் செத்துக்கொண்டிருக்கிறார்கள். கதிர்வீச்சுக்கு மருந்து வேண்டும் என்று சொல்ல வேண்டியவர், கதிர்வீச்சுக்குக் கையுறை வேண்டும் என்கிறார். ஒரு நொடி. பிறகு மருந்து என்று திருத்திக்கொள்கிறார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, கையுறையும் ஒரு வைத்தியம்தான் என்பதுபோல. இரண்டாவது சுற்றில் இதற்கு நான் சிரித்தேன். மூன்றாவது சுற்றில் பக்கத்தில் நிற்கும் நடிகர்களைப் பார்த்தேன். ஒருவர் இமைகூட அசையவில்லை. நடிப்பு என்றால் அதுதான்.

1966 வாக்கில் அவருக்கு ரத்தக்குழாய் நோய் முற்றிவிட்டது. கடைசிக் கதையின் மூன்றாவது எபிசோடுக்கு வரவே முடியவில்லை, அவர் வசனத்தை மற்றவர்களுக்குப் பங்கிட்டார்கள். ஆளை அனுப்பியாக வேண்டும், ஆனால் தொடர் நன்றாக ஓடுகிறது, நிறுத்த மனசில்லை. அந்தச் சங்கடத்தில் பிறந்ததுதான் தத்துவம். 1966 அக்டோபர் 29 அன்று ஹார்ட்னல் தரையில் சாய்கிறார், முகம் வெள்ளை வெளேரென்று எரிகிறது, பேட்ரிக் ட்ரௌட்டன் எழுகிறார். அந்த வெள்ளை வெளிச்சத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சம்பந்தமில்லை. கலவைப் பலகை ஒன்றில் கோளாறு, பிம்பம் வெளுத்துப்போகிறது, அதையே உபயோகப்படுத்திக்கொண்டார்கள். ரிப்பேருக்குப் போக வேண்டிய சாமான் அமரத்துவம் தந்தது.

சரி, அந்த மகத்தான எபிசோடைப் போட்டுப் பார்க்கலாம் என்றால், இல்லை. பிபிசி அழித்துவிட்டது. நாடா விலை அதிகம், மறு ஒளிபரப்புக்கு ஒப்பந்தச் சிக்கல், அலமாரியில் இடமில்லை. அறுபதுகளின் எபிசோடுகளில் தொண்ணூறுக்கும் மேலே இப்படிப் போனதாகக் கணக்கு. முகம் மாறுகிற அந்த அரை நிமிடம் மட்டும் பிழைத்தது, 1973-இல் 'ப்ளூ பீட்டர்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் அதைக் காட்டியிருந்ததால். அடுத்து ட்ரௌட்டனின் முதல் கதை 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்', ஆறு எபிசோடு. ஆறும் இல்லை. சரித்திரத்தின் முதல் ஆள்மாற்றத்தில், போனவரின் கடைசி நாளும் இல்லை, வந்தவரின் முதல் நாளும் இல்லை. கல்யாண ஆல்பத்தில் தாலி கட்டும் பக்கத்தைச் செல் அரித்த கதை.

மிஞ்சியது என்ன? டிவிப் பெட்டி முன்னால் மைக்கை நீட்டி டேப் ரிக்கார்டரில் பையன்கள் பதிவு செய்த ஒலி. டிவித் திரையை அப்படியே படமெடுத்து நடிகர்களுக்கு விற்றுப் பிழைத்த ஜான் க்யூரா என்ற மனிதரின் குட்டிக் குட்டிப் புகைப்படங்கள். இந்த ஒலியை வைத்து 2016-இல் ஒரு அனிமேஷன் செய்தார்கள். ஆக, 'மறுபடி பார்ப்பது' என்பது இந்த இடத்தில் ஒரு மரியாதைப் பேச்சு. காதால் கேட்டு, போட்டோவைப் பார்த்து, மிச்சத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியதுதான். 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில் கிடைத்த ஒன்பது எபிசோடுகளை அறிவித்த அன்று, பெரியவர்கள் அழுதார்கள். எல்லாம் ட்ரௌட்டன் படங்கள்தான், ஆனால் இந்த ஆறில் ஒன்றுகூட அதில் இல்லை.

காணாமல்போன அந்தக் கதைக்குள்ளேதான் தொடரின் மிகச் சிறந்த நகைச்சுவை இருக்கிறது. எழுந்த புது மனிதரின் விரலிலிருந்து பழையவரின் மோதிரம் கழன்று விழுகிறது. கூட வந்த பென்னுக்கு நம்பிக்கை வரவில்லை, யாரோ வேஷக்காரன் என்கிறான். கூட வந்த இன்னொருத்தி பாலி, நம்ப ஆசைப்படுகிறாள். டாக்டரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் குழலை எடுத்து ஊதுகிறார். கடைசியில் டாலெக் ஒன்று வருகிறது. கண்தண்டைத் திருப்பி அவரையே வெறிக்கிறது. அதற்கு ஆள் தெரிந்துவிட்டது! சொந்தக்காரன் கைவிட்டவனை எதிரி அடையாளம் காட்டினான். நாடு பூராவும் அந்த வாரம் பென் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. கோமாளியைக் கொண்டுவந்து விட்டார்கள் என்று பிபிசியின் நேயர் ஆய்வில் புலம்பல். இன்று அதே ட்ரௌட்டனைத் தெய்வம் என்கிறோம். பார்க்க முடியாததாலோ என்னவோ.

1970-இல் கலர் வந்தது, ஜான் பெர்ட்வீ வந்தார். ட்ரௌட்டன் பெர்ட்வீயாக மாறுகிற காட்சியே கிடையாது. பெட்டிக் கதவு திறக்கிறது, புது ஆள் புல்லில் பொத்தென்று விழுகிறார், தீர்ந்தது. மருத்துவமனையில் ஷவரில் குளிக்கிறார், முன்கையில் ஒரு பாம்புப் பச்சை. கேலிஃப்ரே என்ற வேற்றுக்கிரகத்து மகாஞானிக்கு ஏது பச்சை? பெர்ட்வீ கடற்படையில் இருந்தபோது குத்திக்கொண்டது. ரசிகர்கள் சும்மா விடுவார்களா? அந்தக் கிரகத்திலிருந்து நாடுகடத்தப்பட்டவனுக்கு அடித்த முத்திரை என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருக்கிறோம். புராணத்தில் ஓட்டை விழுந்தால் உபகதை எழுதுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம்.

அடுத்த டாக்டர் டாம் பேக்கர், நடிக்க வாய்ப்பு இல்லாமல் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். 1974-இலிருந்து ஏழு வருடம் அசைக்க முடியவில்லை. அவருடைய நீளமான கழுத்துக் கம்பளித் துணி இருக்கிறதே, அதுவும் ஒரு விபத்து. பின்னுகிற அம்மாவிடம் கம்பளி நூலை மொத்தமாகக் கொடுத்தார்கள். எவ்வளவு பின்ன வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கொடுத்ததை எல்லாம் பின்னிவிட்டார். அடுத்து வந்த பீட்டர் டேவிசன் முதல் கதையிலேயே அந்தத் துணியைப் பிரித்து, வழி மறக்காமலிருக்க நூலை நெடுகப் போட்டுக்கொண்டே போகிறார். 1982-இல் அதைப் பார்த்துப் பதறியவர்கள் இன்னும் பதறிக்கொண்டிருக்கிறார்கள். மாமியார் புடவையைக் கிழித்துக் கரித்துணியாக்கிய மருமகளை யார் மன்னிப்பார்? பேக்கருக்கும் கோபமோ என்னவோ, 1983-இல் ஐந்து டாக்டர்களும் சேரும் சிறப்புக் கதைக்கு வர மறுத்தார். குரூப் போட்டோவுக்கு மேடம் டுசாட்ஸிலிருந்து அவருடைய மெழுகுச் சிலையைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். போட்டோ நன்றாகத்தான் இருக்கிறது.

1984 மார்ச்சுக்கு வாருங்கள், இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும். டேவிசனின் கடைசிக் கதை 'கேவ்ஸ் ஆஃப் ஆண்ட்ரோஸானி' மார்ச் 16-இல் முடிகிறது. காலின் பேக்கரின் முதல் கதை 'ட்வின் டைலம்மா' மார்ச் 22-இல் ஆரம்பம். 2009-இல் 'டாக்டர் ஹூ மேகஸின்' அதுவரை வந்த 200 கதைகளுக்கும் ரசிகர்களிடம் ஓட்டெடுத்தது. முதலிடம் ஆண்ட்ரோஸானி. இருநூறாவது இடம் ட்வின் டைலம்மா. சிகரத்துக்கும் பாதாளத்துக்கும் நடுவே ஆறே நாள். வரிசையாகப் பார்க்கிறவனுக்கு அந்த ஆறு நாளும் கிடையாது. ஒன்று முடிந்த கையோடு அடுத்தது ஓட ஆரம்பித்துவிடும்.

காலின் பேக்கர் பாவம். முந்தின வருடம் இதே தொடரில் காவலதிகாரியாக வந்து டாக்டரைச் சுட்டவர் அவரே. அப்புறம் அவரையே டாக்டராக்கினார்கள். ரசனையே இல்லாத கோட்டு வேண்டும் என்று தயாரிப்பாளர் கேட்டார், கேட்டது கிடைத்தது. தையல்கடையின் வெட்டுத்துண்டு மூட்டை எழுந்து நடந்தது. புது உடம்பு வந்த சூட்டில் கூட வந்த பெண்ணின் கழுத்தை நெரித்தார். பதினெட்டு மாதம் தொடரை நிறுத்தி வைத்தார்கள். அதை எதிர்த்து 1985-இல் ரசிகர்களும் நடிகர்களும் ஒரு பாட்டுத் தட்டு போட்டார்கள். பிபிசி அதை ஒலிபரப்பவே மறுத்தது. அந்தப் பாட்டுக்கு உழைத்தவர்களில் ஹான்ஸ் ஸிம்மர் என்ற இளைஞரும் ஒருவர். கேட்டுப் பார்த்தேன். அவர் பின்னாளில் முன்னேறிவிட்டார் என்பதுதான் ஆறுதல்.

1986-இல் பேக்கரை நீக்கிவிட்டு, கடைசியாக உருமாறிவிட்டுப் போக வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். மானமுள்ள மனிதர், வரவில்லை. அதனால் 1987 செப்டம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். பெட்டி ஆடுகிறது. தரையில் வண்ணக் கோட்டுடன் ஒருவர் குப்புறக் கிடக்கிறார். தலையில் சுருள் சுருளாகப் பொன்னிற முடி. புரட்டிப் போடுகிறார்கள்; முகம் மங்கலாகிறது, மாறுகிறது, சில்வெஸ்டர் மெக்காய்! நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மாறுவதற்கு முன்னாலும் அது மெக்காய்தான். விக் வைத்திருக்கிறார். தானே செத்துத் தானே பிறந்த ஒரே நடிகர். பேக்கரின் டாக்டர் கடைசியாக வாய் திறந்து பேசியதோ, காரட் ஜூஸ் வேண்டாம் என்ற புலம்பல்.

அதே 1986-இல் சிட்னி நியூமன் பிபிசிக்கு ஒரு கடிதம் எழுதினார்: கொஞ்ச நாளைக்கு ட்ரௌட்டனைத் திரும்பக் கூப்பிடுங்கள், அப்புறம் டாக்டரைப் பெண்ணாக மாற்றுங்கள். யாரும் சட்டை செய்யவில்லை. 2017 ஜூலையில் ஜோடி விட்டேகர் என்ற நடிகையை டாக்டராக அறிவித்தபோது, பால்யமே பறிபோனதாகக் கத்தியவர்கள் உண்டு. ஆக்கியவரே முப்பது வருடம் முன்னால் கேட்டதுதான், தபால் தாமதம்.

நடுவில் நிறைய நடந்தது. 1989-இல் தொடர் நின்றது. 1996-இல் பால் மெக்கான் ஒரே ஒரு சாயங்காலம் டாக்டராக இருந்தார். 2005-இல் தொடர் திரும்ப வந்தது; புது டாக்டர் கிறிஸ்டோபர் எக்கிள்ஸ்டனின் முதல் எபிசோடு வந்து ஒரு வாரம் ஆகவில்லை, அவர் விலகுகிறார் என்று செய்தி வந்தது. மொய் எழுதிய கை காயுமுன் விவாகரத்து. 2023-இல் டேவிட் டென்னன்ட் மாறாமல் இரண்டாகப் பிரிந்தார், பழையவரும் பிழைத்தார், காட்வாவும் வந்தார். உடுப்பிலும் பாகப்பிரிவினை: சட்டை புது ஆளுக்கு, பேன்ட் பழையவருக்கு. மனிதனை அழவைக்கும் காட்சியில் ஒருவர் உள்ளாடையோடு நிற்கிறார்.

இப்போது பைப்பர். தேறமாட்டார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் மிஞ்சவில்லை. மறுபடி 1963-க்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஹார்ட்னல் வாய் திறக்கிறார். கையுறை வரப்போகிற இடம், வால்யூமைக் கூட்டுகிறேன்.