டிசைன் ஃப்ரீ, சதுர அடிக்குத்தான் காசு

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், புதுமனை புகுவிழா, குடமுழுக்கு, கண்ணீர் அஞ்சலி. இவற்றில் ஏதாவது ஒன்று உங்கள் வீட்டை நெருங்கிவிட்டதா? அப்படியானால் இன்னும் இரண்டொரு நாளில் தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ பட்டுக்கோட்டையிலோ ஒரு ஃப்ளெக்ஸ் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள். கண்ணாடிக் கதவில் ‘டிசைன் ஃப்ரீ’ என்று ஒட்டியிருக்கும். அந்த நாற்காலியில் உட்காருகிறவருக்காகத்தான் இந்தக் குறிப்புகள்.

டிசைன் உங்களுக்கு மட்டுமல்ல, கடைக்கும் ஃப்ரீதான். கடைத் தம்பி எதையும் வரைவதில்லை. இணையத்தில் சும்மா கிடக்கும் ஃபோட்டோஷாப் கோப்புகளை மூட்டை மூட்டையாக இறக்கி, ‘மேரேஜ்’, ‘இயர் ஃபங்ஷன்’, ‘டெத்’ என்று ஃபோல்டர் பிரித்து வைத்திருப்பார். அவற்றில் கணிசமானவை தெலுங்குக்காரர்கள் தங்கள் ஊர் விசேஷத்துக்குச் செய்தவை. ஆகவே தங்கச் சட்டத்தின் மூலையை ஒருமுறை பெரிதாக்கிப் பாருங்கள். அங்கே தெலுங்கில் இரண்டு எழுத்து மிச்சமிருந்தால் பாதகமில்லை, பந்தியில் யாரும் படிக்கப்போவதில்லை. குண்டூர் ஸ்டுடியோ ஒன்றின் செல் நம்பர் மிச்சமிருந்தால்தான் வம்பு. மண்டபத்துக்கு வழி தெரியாத உறவினர் அதற்குத்தான் ஃபோன் போடுவார்.

“அண்ணே, மயில் வைக்கவா, சிங்கம் வைக்கவா, சோழர் வைக்கவா?” இதுதான் தம்பியின் முதல் கேள்வி. மயில் என்றால் கல்யாணம். சிங்கம் என்றால் நண்பர்கள் செலவில் நடக்கும் பிறந்தநாள். சோழர் என்றால் எதற்கும் ஆகும். 2022இல் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு புலிக்கொடியும் குதிரையும் போர்க்களப் புகையும் காதுகுத்துக்குக்கூட வந்துவிட்டன. ஒன்றரை வயதுக் குழந்தை மடியில் அழ, பின்னால் ஈழப் படையெடுப்பு நடந்துகொண்டிருக்கும். ராஜராஜனின் முகமாக நாம் அச்சடிப்பதெல்லாம் பிற்காலச் சிற்பிகளும் ஓவியர்களும் கொடுத்த முகம். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு நடையின் சுவரோவியத்தில் குரு கருவூர்த்தேவரோடு நிற்பவர் ராஜராஜன்தான் என்று சொல்வதுண்டு. அந்தச் சோழர் கால ஓவியத்தின் மேலேயே நாயக்கர் காலத்தில் வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். 1931இல் வரலாற்று ஆய்வாளர் எஸ்.கே. கோவிந்தசாமி அதைக் கண்டு சொல்லும் வரை அடியில் சோழர் ஓவியம் இருப்பதே உலகத்துக்குத் தெரியாது. இருக்கிற டிசைன் மேலேயே புது டிசைன் அடிப்பது இந்த ஊரில் நேற்று தொடங்கிய பழக்கமில்லை என்று கடைத் தம்பியிடம் சொல்லிப் பாருங்கள், சந்தோஷப்படுவார்.

அடுத்து, படங்கள். டிசைனில் எத்தனை வட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று எண்ணுங்கள். அத்தனை உறவைத்தான் நீங்கள் காப்பாற்ற முடியும். மஞ்சள் நீராட்டு என்றால் தாய்மாமன் வட்டம் மற்ற எல்லா வட்டத்தையும்விடப் பெரிதாக இருக்க வேண்டும். தாய்மாமன்கள் இருவர் என்றால் இரண்டு வட்டமும் ஒரே அளவு, ஒரே உயரம். ‘மூத்தவர் கொஞ்சம் மேலே’ என்று தம்பி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். சீர்த்தட்டோடு வந்த சின்ன மாமா வாசலில் நிமிர்ந்து பார்த்துவிட்டு அப்படியே வண்டியைத் திருப்பிய விசேஷங்கள் எங்கள் பக்கம் உண்டு. படத்தை வாட்ஸ்அப் முகப்புப் படத்திலிருந்து எடுக்கச் சொல்லாதீர்கள். நகம் அளவுப் படத்தை நாலடிக்கு இழுத்தால் மாமா கட்டம் கட்டமாக வருவார். வேறொரு கல்யாணத்தில் எடுத்த குரூப் படத்திலிருந்து வெட்டினால், மாமாவின் தோளில் யாருடையதோ ஒரு கை மட்டும் தங்கிவிடும். இரண்டும் வேண்டாம் என்றால் தம்பியிடம் கோட் சூட் போட்ட உடம்பு ஒன்று தயாராக இருக்கிறது. தலையை மட்டும் கொடுத்தால் போதும். வாழ்நாளில் வேட்டி தவிர வேறெதுவும் கட்டாதவருக்கு நீல நிற டை வந்துவிடும். அடிவரிசையில் கறுப்புக் கண்ணாடியோடு நிற்கும் ‘வாழ்த்தும் நெஞ்சங்கள்’ பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை. அவர்கள்தான் பணம் போடுகிறார்கள்.

பேனரில் அடிக்கும் வாசகம், அதாவது மேட்டர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் உஷார். நீங்கள் செல்பேசியில் தட்டி அனுப்பும் மேட்டர் யூனிகோடில் இருக்கும். கடையில் இருப்பது பெரும்பாலும் ஓர் ஆதிகால ஃபோட்டோஷாப். அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி தனியே ஆகாயத்தில். எனவே தம்பி எல்லாவற்றையும் பாமினி மாதிரி ஏதாவது பழைய எழுத்துருவில் மறுபடி அடிப்பார், ஒரு கையில் டீயோடு. ‘கண்ணீர் அஞ்சலி’ இப்படித்தான் ‘தண்ணீர் அஞ்சலி’ ஆகிறது. காவிரி கடைமடைக்காரர்களுக்கு அதுவும் பொருந்தாமல் இல்லை. ப்ரூஃப் வாட்ஸ்அப்பில் வரும். “ஓகேவாண்ணே?” என்று உடனே கேட்பார்கள். ஓகே என்று சொன்ன நொடியிலிருந்து எழுத்துப்பிழை உங்கள் குடும்பச் சொத்து.

எங்கே கட்டுவது? 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் பேனர் வைக்கத் தடை போட்டது. 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண பேனர் சரிந்து ஸ்கூட்டரில் வந்த 23 வயது சுபஸ்ரீ மேல் விழ, அவர் நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வந்த லாரி ஏறி இறந்தார். இந்த ஒரு பத்தியில் கிண்டல் கிடையாது: சாலையில் கட்டாதீர்கள். சொந்த வாசல், சொந்தச் சுவர், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னது பேனரின் முதல் மூன்று நாளுக்கு. காவிரி டெல்டாவில் டிசைன் தேர்வு செய்ய வேண்டியது அதற்காக அல்ல. விசேஷம் முடிந்து சவுக்குக் கட்டையை அவிழ்த்த பிறகு அது வீட்டுக்கு வந்து, பரணில் சுருண்டு, மாட்டுக் கொட்டகை ஒழுகினால் மேலே ஏறி, கடைசியில் நெல்லைத் தேடிப் போகும். அதற்கு உண்மையான உத்தியோகம் அங்கேதான்.

மேட்டூர் அணை ஜூன் 12இல் திறந்தால் குறுவை அறுப்பு புரட்டாசி, ஐப்பசியில் வந்து நிற்கும். வடகிழக்குப் பருவமழையும் அப்போதுதான் வரும். இருவரும் வருஷா வருஷம் ஒரே பேருந்தில் வந்து இறங்குகிறார்கள். அறுவடை இயந்திரம் கொட்டிவிட்டுப் போகும் நெல் ஈரமாக இருக்கும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள். மழை கூடின வருஷங்களில் மத்திய அரசு மனமிரங்கித் தளர்த்துவதுண்டு, அந்த உத்தரவு வருவதற்குள் நெல் முளைத்துவிடுவதும் உண்டு. 40 கிலோ சாக்கு வர வேண்டும், லாரி வர வேண்டும், நம் முறை வர வேண்டும். அதுவரை நெல் சாலையோரத்தில் குவியலாகக் காத்திருக்கும். சரியான படுதா வாங்கக் காசு வேண்டும். விசேஷத்துக்கு அடித்த ஃப்ளெக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது.

ஐப்பசி மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் சாலையிலோ நீடாமங்கலம் பக்கமோ போய்ப் பாருங்கள். குவியலுக்குக் குவியல் மணமக்கள் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் செங்கல் வைத்த இடத்தில் ஒரு எம்.எல்.ஏ. இருப்பார்.

ஆகவே டிசைன் பார்க்கும்போது நெல்லை நினைத்துக்கொள்ளுங்கள். உருவத்தைச் சுற்றி வெட்டி எடுக்கும் கட்-அவுட் வேண்டவே வேண்டாம். தலை, தோள் வளைவெல்லாம் போனால் மூடுவதற்கு என்ன மிஞ்சும்? செவ்வகம்தான் சரி. ஆறுக்கு நாலு அடித்து அழகாக வாசலில் மாட்டலாம், இரண்டு மூட்டை நெல்லைக்கூட மூடாது. இருபதுக்குப் பத்து அடியுங்கள். ‘இவ்வளவு பெரிசா?’ என்று சம்பந்தி வியந்தால் வியக்கட்டும். பின்பக்கம் கறுப்பாக இருக்கும் பிளாக் பேக் ஃப்ளெக்ஸ் கனமானது, காசும் கூட, ஆனால் சாதாரண ஃப்ளெக்ஸைவிடத் தாங்கும். ரீப்பர் சட்டத்தில் சுற்றிலும் ஆணி அறைந்து தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லி, ஓரம் மடித்து ஐலெட் வளையம் போட்டுத் தரச் சொல்லுங்கள். பின்னால் கயிறு கோத்துக் கட்ட உதவும். மிக முக்கியமாக, கட்டுகிற ஆட்கள் காற்று போகட்டும் என்று நடுவில் பிறை பிறையாகக் கிழித்துவிடுவார்கள். மணமகளின் நெற்றியில் விழும் அந்தப் பிறை வழியாக ஐப்பசியில் ஒரு குடம் தண்ணீர் நெல்லுக்குள் இறங்கும். கட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

சாமி படம் உள்ள டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதீர்கள். குவியல் உச்சியில் ஏறி மிதித்துத்தான் ஃப்ளெக்ஸை இழுத்துக் கட்ட முடியும். முருகன் முகத்தில் எப்படிக் கால் வைப்பீர்கள்? பெரிய கோயில் விமானமும் அப்படியே. மாமா முகம் என்றால் ஒன்றும் யோசிக்க வேண்டாம், மாமாவே வந்து மிதிப்பார். கண்ணீர் அஞ்சலிப் பேனரை நெல்லின் மேல் போடச் சில வீடுகளில் மனசு வராது. செத்துப்போன அப்பா மழையில் நனைவதா என்று அத்தை அழுவார். அப்பா உயிரோடு இருந்திருந்தால் அந்த மழையில் நெல்லின் மேல் அவர்தான் படுத்திருப்பார் என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

போட்டுவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஃப்ளெக்ஸ் அடியில் ஈர நெல் வேர்க்கும், சூடேறும், இரண்டு நாள் திறக்காவிட்டால் முளை எட்டிப்பார்க்கும். வெயில் தலைகாட்டினால் உடனே மணமக்களைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு நெல்லைக் கிண்டிவிடுங்கள். வானம் கறுத்தால் மறுபடி இழுத்துப் போடுங்கள். ஒரு நாளில் நாலு முறைகூட நடக்கும்.

கடைசியாக, இலவச டிசைனால் வரும் பெரிய தொல்லை. உங்கள் கடைத் தம்பியிடம் இருக்கும் மயில் அடுத்த கடைத் தம்பியிடமும் இருக்கிறது. ஒரே தை மாதத்தில் ஒரே ஊரில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு ஒரே மயில், ஒரே தாமரை, ஒரே தங்கச் சட்டம். ஐப்பசியில் கொள்முதல் நிலையத்து வாசலில் அத்தனை மயிலும் வரிசையாகப் படுத்திருக்க, திடீரென்று மழை பிடித்தால் யார் எதை இழுப்பது?

“யோவ், அது எங்க வூட்டு மயிலு!”

“இல்ல சித்தப்பா, ஒங்களுது கெழக்க பாக்கும். மேக்க பாக்குறது எங்களுது.”

அந்தப் பிள்ளையின் அப்பா விவரமானவர். டிசைனைக் கடையில் பார்த்தவுடனேயே, “தம்பி, பின்னணியை மட்டும் இடவலமா திருப்பிப் போடு” என்று சொல்லியிருக்கிறார். தம்பிக்கு ஒரு க்ளிக் வேலை. நீங்களும் கேளுங்கள், ஆனால் பின்னணியை மட்டும் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். மாமாவையும் சேர்த்துத் திருப்பிவிட்டால் சட்டைப் பை வலது பக்கம் போய்விடும், பைக்குள்ளிருந்து தெரியும் தலைவர் படமும் கூடவே போய்விடும். அதற்குக் கட்சியில் என்ன விளக்கம் சொல்வார் அவர்?