பாறசாலை எதை முட்டுகிறது?

நிலம் நிலத்தை ஒட்டிக் கிடப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் 'அபட்' என்றொரு வினைச்சொல் உண்டு. பழைய பிரெஞ்சில் நுனியைக் குறித்த சொல் இதன் தாய். பாலம் கட்டுகிறவர்கள் வாயில் புழங்கும் 'அபட்மென்ட்' இதன் பிள்ளை. அந்தக் கரைச்சுவர் பாலத்தைச் சும்மா தொட்டுக்கொண்டு நிற்பதில்லை. பாரத்தை எதிர்த்து முட்டுக்கொடுக்கிறது. ஆக, இந்த வினைக்கு வெறும் தொடுகை போதாது, தள்ளலும் வேண்டும். அப்படியானால் ஒட்டிக் கிடக்கும் இரண்டு ஊர்களில் முட்டுவது எது, முட்டப்படுவது எது? அகராதிகள் மௌனம் சாதிக்கும் இக்கேள்விக்கு, கேரளத்து நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாறசாலையும் தமிழ்நாட்டு விளவங்கோடு வட்டத்துக் களியக்காவிளையும் சந்திக்கும் நெடுஞ்சாலையில் விடை கிடக்கிறது. சரக்கு வைத்திருக்கும் பக்கம் முட்டும், அது இல்லாத பக்கம் முட்டப்படும் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

முதற்சான்று லாட்டரிச் சீட்டு. தமிழ்நாடு 2003இல் லாட்டரியைத் தடை செய்தது. கேரளத்திலோ அரசே விற்கிறது. எல்லையைத் தாண்டிக் கேரளத்துக்குள் கால் வைத்தவரைச் சீட்டுத் தட்டி எதிர்கொண்டு அழைப்பது அதனால்தான். இங்கே முட்டுவது பாறசாலை என்பதில் ஐயமில்லை. இரண்டாம் சான்று பெட்ரோல். தமிழ்நாடு 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் வரி குறைத்தது. கேரளம் 2023 ஏப்ரலில் 2 ரூபாய் செஸ் ஏற்றியது. நெய்யாற்றின்கரை ஸ்கூட்டர் களியக்காவிளை பங்க்கில் தாகம் தீர்த்துக்கொண்டால் அதைக் குறை சொல்ல முடியாது. இங்கே முட்டுவது களியக்காவிளை. ஒரே சாலையில், ஒரே பகலில், வினை இரு திசையிலும் வேலை செய்கிறது.

இது எல்லையே அல்ல, வரி வித்தியாசம் என்பர் மறுப்பாளர். அவர்கள் வரலாற்றைப் பார்க்கட்டும். திருவிதாங்கூர் காலத்தில் இரண்டு ஊரும் ஒரே ராஜ்யத்துக்குள் கிடந்தன. 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று வரைபடத்தில் கோடு விழுந்தது உண்மை. ஆனால் கேரளம் 1967இலும் தமிழ்நாடு 1968இலும் லாட்டரி தொடங்கியபின், 2003 தடைக்கு முன் இருபுறமும் சீட்டு கிடைத்த காலமும் இருந்தது. சீட்டைப் பொறுத்தவரை அந்தக் காலத்தில் யாரும் யாரையும் முட்டவில்லை. கோடு இருந்தது, வினை இல்லை. கோடு மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதைவிடக் கூர்மையான மறுப்பு ஒன்று உண்டு. சரக்குள்ள பக்கம் முட்டும் என்றால், கேரளத்து நெய்யாற்று அணையின் தண்ணீர் இடதுகரைக் கால்வாய் வழியாக விளவங்கோட்டை முட்டியிருக்க வேண்டுமே? கேரளம் 2004இல் அதை நிறுத்திவிட்டது. தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றம் போனது. இம்மறுப்பு கொள்கையைக் கவிழ்க்கவில்லை, செப்பனிடுகிறது. முட்டுவது விற்கத் துடிக்கும் சரக்குத்தான். பேச்சுவார்த்தை முடியாத சரக்கு முட்டாது, வழக்காகும். பள்ளத்தை நோக்கிப் பாய்வது தண்ணீரின் இயல்பு என்ற பள்ளிப்பாடம் மாநில எல்லைகளுக்குப் பொருந்தாது என்பது இவ்வாய்வின் உபரி லாபம்.

ஆகவே எந்த ஊர் எந்த ஊரை முட்டுகிறது என்பதை நிலஅளவைச் சங்கிலி சொல்லாது. சட்டமும் வரி அட்டவணையும் சொல்லும். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இந்த வினையின் எழுவாயும் செயப்படுபொருளும் இடம் மாறக்கூடும். எல்லைக்கற்களை வருவாய்த்துறை வைத்துக்கொள்ளட்டும். எல்லையை மட்டும் இரு மாநில நிதித்துறைகளின் பொறுப்பில் விடுவதே இலக்கணத்துக்கு உகந்தது.