கலைக்கூடத்துக்கு ஒரு மனு

நாற்பதுகளின் பிற்பகுதியில் பி.ஏ. தேறிய தமிழ் வாலிபன், வீட்டாருக்குத் தெரிந்து சர்க்கார் உத்தியோகத்துக்கும், தெரியாமல் சினிமாக் கம்பெனிக்கும் மனுப் போடுவது ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே இருந்து வந்தது. முன்னதன் தபால் செலவை அப்பாவின் சட்டைப்பையும், பின்னதன் தபால் செலவை அம்மாவின் அஞ்சறைப்பெட்டியும் ஏற்றுக்கொண்டன.

இதை வெறும் வாலிபச் சபலம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. ஸ்டூடியோ என்பது அந்நாளில் ஒரு பெரும் தொழிற்சாலை. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி. ஆர். சுந்தரம், இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குச் சென்று நெசவுத் தொழில் நுணுக்கம் பயின்று வந்தவர். ஆலையில் நூல் நூற்கும் ஒழுங்கிலேயே அவர் படங்களை எடுத்துத் தள்ளினார். சென்னை ஜெமினியிலோ, 1948-ல் வெளிவந்த 'சந்திரலேகா'வின் முரசு நடனம் ஒன்றுக்கே நூற்றுக்கணக்கானோர் காலில் சலங்கை கட்டினார்கள். நடிகர், பாடகர், வாத்தியக்காரர், தச்சர், தையற்காரர், கதை யோசிப்பதற்கென்றே நாற்காலி போட்டு அமர்த்தப்பட்டவர் ஆகிய சகலருக்கும் அத்தகைய ஸ்தாபனங்களில் மாதச் சம்பளம் உண்டு என்று கேள்விப்பட்டபோது, கலைத்தாய்க்குத் தொண்டு செய்ய வேண்டும் என்ற என் தாகம் பன்மடங்கு அதிகரித்தது.

நான் மனுப் போட்ட கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர்கள் அனுப்பிய விண்ணப்பத் தாளில் உயரம், மார்பளவு, குரலின் தன்மை, நீச்சல், சிலம்பம், குதிரையேற்றம் ஆகியவற்றில் அப்பியாசம் எல்லாம் விசாரிக்கப்பட்டிருந்தன. நான் கோரியது வசனகர்த்தா உத்தியோகம். வசனம் எழுதுபவனின் மார்பளவால் வசனத்துக்கு என்ன லாபம் என்று எனக்கு விளங்கவில்லை. ஆயினும் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதுவதே மரியாதை என்று கருதி, குதிரையேற்றத்துக்கு எதிரே, "ஜட்கா வண்டி வரையில் அனுபவம் உண்டு" என்று சத்தியத்துக்குப் பங்கமில்லாமல் பூர்த்தி செய்தேன். புகைப்படம் வேறு கேட்டிருந்தார்கள். கன்னத்தில் கையூன்றிச் சிந்தனையில் ஆழ்ந்த நிலையில் ஒன்று எடுத்துக்கொண்டேன். அதைப் பார்த்த என் மாமா, "பல்வலி என்று எழுதிவிடாதே, ஆரோக்கியக் குறைவென்று தள்ளிவிடுவார்கள்" என்று எச்சரித்தார்.

இத்தகைய கம்பெனிகளில் முதல் பரீட்சாதிகாரி வாசலில் நிற்கும் கூர்க்கா என்பது எத்தனை பேருக்குத் தெரியுமோ! எங்கள் கூர்க்கா, வந்தவன் முகத்தைப் பார்ப்பதே இல்லை, காலைப் பார்ப்பார். காரிலிருந்து இறங்கிய கால் என்றால் சலாம், சைக்கிளிலிருந்து இறங்கியது என்றால் விசாரணை, நடந்தே வந்தது என்றால், "சாப் இல்லை." அந்தச் சாப் எந்தச் சாப் என்று கேட்க வாசலில் ஒருவருக்கும் துணிவிருந்ததில்லை. சுவரோரத்து வேப்பமர நிழலிலோ எப்போதும் ஒரு சபை கூடியிருக்கும்: ராஜபார்ட் போட்டு ஓய்ந்த நாடகக்காரர், சுருதிப் பெட்டியோடு ஒரு பாகவதர், மகளின் நடனத் திறமையைக் கேட்பாரிடமும் கேளாரிடமும் வர்ணிக்கும் ஒரு தாயார். உள்ளே எடுக்கப்படும் படத்தைக் காட்டிலும் வெளியே இருந்த பாத்திரங்களே சிறந்தவை என்பது என் துணிபு. தயாரிப்பாளர்கள் வாசலுக்கு வந்து பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

சிபாரிசுக் கடிதம் ஒன்றின் மகிமையால் கடைசியில் உள்ளே சென்றேன். அதிகாரி என் மனுவை நெடுநேரம் புரட்டிவிட்டு, "கூட்டு வட்டிக் கணக்குப் போட வருமா?" என்று வினவினார். நான் ராஜாக்களின் வாயில் வீர வசனங்களை வைக்க வந்தவன் என்று பணிவோடு நினைவூட்டினேன். "ராஜாக்கள் இங்கே ஏராளம், ஐயா. அவர்களுக்குச் சம்பளம் பட்டுவாடா செய்யத்தான் ஆளில்லை" என்றார் அவர். கலையின் கௌரவத்தைக் காப்பாற்றிய திருப்தியோடு எழுந்து வந்தேன். அந்தப் பட்டுவாடா வேலையை ஏற்ற பி.காம். பட்டதாரியோ, சில வருஷங்களுக்குள் புரொடக்ஷன் மானேஜராகி, கூர்க்காவின் சலாமை அன்றாடம் அலட்சியமாக வாங்கிக்கொண்டிருந்தார்.

இவ்விஷயத்தை நான் வெகுவாக ஆராய்ந்திருக்கிறேன். கிறிஸ்தவக் கல்லூரியில் ரசாயனம் போதித்துவிட்டு ஜெமினியில் உத்தியோகம் பார்க்க வந்த கணேசன், நடிக்க வந்த பிறரைப் பேட்டி காணும் மேஜைக்குப் பின்னால்தான் முதலில் உட்கார்ந்தார்; பிற்பாடு காதல் மன்னரானார். அசோகமித்திரனுக்கு அங்கே பத்திரிகைச் செய்திகளைக் கத்தரித்துக் கோப்பில் சேர்க்கும் வேலை. பின்னாளில் அவர் எழுதிய நாவல்களைத் தமிழுலகம் அறியும். அவ்வளவு ஏன், முதலாளி வாசனே விளம்பர ஏஜண்டாகத் தொழில் புரிந்து, 1928-ல் 'ஆனந்த விகடன்' பத்திரிகையை விலைக்கு வாங்கி, அதன் வழியே ஸ்டூடியோவை அடைந்தவர். கோரிய வேலைக்கே நேரே மனுப் போட்டு, அந்த மனுவின் பலத்தால் உள்ளே நுழைந்த மகானுபாவர் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

ஆகையால், சினிமாக் கம்பெனியில் கதாநாயகனாகவோ கவிஞனாகவோ விளங்க விரும்பும் வாலிபர்களே, அந்த விருப்பத்தை மட்டும் மனுவில் எழுதிவிடாதீர்கள். கூட்டல் கழித்தல் நன்றாக வரும் என்று எழுதுங்கள். கையெழுத்துத் தெளிவாக இருக்கட்டும்.