நடுவுல ஒண்ணும் இருக்கப்படாது

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. போனைக் கீழ வை. அது ஒண்ணும் கண்ணுக்குட்டி இல்ல, அவுத்துக்கிட்டு ஓட.

நேத்து ராத்திரி நீ உங்க அம்மைகிட்டப் பொலம்புனதைக் கேட்டுக்கிட்டுதான் படுத்திருந்தேன். தாத்தாவுக்குக் காது மந்தம்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. அது நானே கெளப்பிவிட்டது. அந்தப் பேரு இருந்தாத்தான் வீட்டுல நாலு உண்மை நம்ம காதுல விழும். உன் பெரியப்பா பதினாறுக்கு வர கம்பெனியில துக்க லீவு கேட்டியாம். "இம்மீடியட் ஃபேமிலிக்குத்தான் அந்த லீவு, பெரியப்பா அதுல சேத்தி இல்ல"ன்னுட்டானாம். சொந்த லீவுல ரெண்டு நாளைக் கழிச்சிக்கிட்டு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு வந்து நிக்கே.

எனக்குக் கோவம் வரலைடா, சிரிப்புதான் வந்துச்சு. அந்த 'இம்மீடியட்'ங்க வார்த்தையோட நான் முப்பது வருசத்துக்கு மேல குடித்தனம் நடத்துனவன். தாலுகா ஆபீஸ்ல தபால் பிரிச்சவன்லா நான்! அதோட குணம் எனக்குத் தெரியும். உனக்குத் தெரியுமா? நீ இங்கிலீஷ் மீடியம். நான் வேப்பமரத்தடி மீடியம். கேளு.

அந்த 'மீடியம்'தாம்லே இதுக்குள்ளயும் உக்காந்திருக்கு. லத்தீன்ல 'மீடியஸ்'னா நடு. முன்னால ஒரு 'இன்' போட்டா 'இல்ல'ன்னு ஆயிரும். ரெண்டும் சேரும்போது 'ன்' போய் 'ம்' ஆயிட்டு. பல்லும் பொடியும் சேந்தாப் பற்பொடி ஆகுதுல்லா, அந்தக் கணக்கு. ஆக, இம்மீடியட்னா 'நடுவுல ஒண்ணும் இல்லாதது'. அவ்வளவுதான். ஓடு, பற, மூச்சு வாங்குன்னு அதுக்குள்ள எந்த மூலையிலயும் எழுதலை. வடமொழி 'மத்ய'வும் அந்த 'மீடியஸு'ம் பங்காளி வீட்டுப் பிள்ளைங்க. நம்ம மத்தியானம், மத்தியஸ்தம் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். மத்தியஸ்தம் பண்ண ஆளே தேவைப்படாத நெருக்கம்னு வச்சிக்கோயேன்.

இதைப் பிடிச்சுக்கிட்டா மிச்சமெல்லாம் தானா வந்து விழும். உனக்கும் அடுத்தவனுக்கும் நடுவுல வீடு இல்லைன்னா அவன் இம்மீடியட் நெய்பர். நடுவுல நாற்காலி இல்லாம உன் தலைக்கு மேல உக்காந்திருக்கவன் இம்மீடியட் பாஸ். நடுவுல நேரம் இல்லைன்னா அது 'உடனே'. ஆஸ்பத்திரியில ஒருத்தன் செத்தா டாக்டர் ஒரு பாரம் எழுதுவாரு பாரு, அதுல முதல் வரி 'இம்மீடியட் காஸ்'. சாவை ஒட்டி நின்ன காரணம் என்னன்னு கேக்குதான். அதுக்குக் கீழ இருக்கிற வரிகள்ல அதுக்கு முந்தின காரணம், அதுக்கும் முந்தினதுன்னு பின்னால நடந்து போவான். பனையில இருந்து விழுந்தவனுக்கு மேல்வரியில மண்டையில ரத்தக்கசிவு, கீழ்வரியில பனை. பனை ஏறுமுன்ன அவன் போட்ட சண்டையை எழுத வரி இல்ல. சவம், அதுக்கு வரி போட்டா எத்தனை பொண்டாட்டிமாரு பேரு வரும்!

நம்ம பாஷையைப் பாரு. இதே சோலியைத்தான் அதுவும் பாக்குது. 'உடன்'னா கூட. கூடப் பிறந்தவன் உடன்பிறந்தவன். அதுகூட ஒரு ஏகாரத்தைச் சேத்தா 'உடனே' — நேரமாயிட்டு. கூட ஒட்டி நிக்கதும், தாமசம் இல்லாததும் ஒரே வேர். இங்கிலீஷ்காரன் லத்தீன் வரைக்கும் போய்க் கடன் வாங்குனதை நம்ம பாட்டி அடுப்படியிலயே வச்சிருந்திருக்கா. "கையோட வாங்கிட்டு வந்துரு"ங்கோம். கையும் காலமும் ஒண்ணாப் போகுது. 'அடுத்த வீடு', 'அடுத்த வாரம்' ரெண்டும் அப்படித்தான். ஆனா 'அடுத்தவன்'னு சொன்னா மட்டும் அந்நியன். பக்கத்துல இருக்கவனையே எட்ட நிறுத்துன சாதிலே நாம. அதை இன்னொரு நாள் பேசுவோம்.

உன் அத்தான் ஒருத்தன் இருக்கானே, மெட்ராஸ்ல படிச்சவன், அவன் போன கொடைக்கு வந்த தன் சேக்காளிக்குப் போன்ல வழி சொன்னான். "கோயில் தாண்டி இம்மீடியட் லெஃப்ட்." அந்தப் பையன் கார்ல வாரான். கோயிலுக்கும் நம்ம தெருவுக்கும் நடுவுல ஒண்ணும் இல்லைன்னு உன் அத்தான் நெனப்பு. கோயிலை ஒட்டி நம்ம மாட்டுத்தொழுவத்துக்கு ஒரு நடை இருக்கதை அவன் மறந்துட்டான். வந்தவன் வார்த்தையை மதிச்சவன். சொன்னபடி முதல் லெஃப்ட்ல திருப்பி, எருக்குழிக்கு ஒரு முழம் முன்னால கொண்டுபோய் நிறுத்திட்டான். மாடு தலையைத் தூக்கிப் பாத்துது. இந்த ஊர்ல அன்னைக்கு இங்கிலீஷைச் சரியாப் புரிஞ்சுக்கிட்டவன் அவன் ஒருத்தன்தான்.

ஆபீஸ் கதைக்கு வாரேன். கட்டுமேல ஒரு சீட்டு குத்தி வரும். 'இம்மீடியட்'. நான் சேந்த புதுசுல அந்தச் சீட்டைப் பாத்தா எந்திரிச்சு நிப்பேன். பழைய குமாஸ்தா ஒருத்தர் மூக்குப்பொடியை ஒரு இழுப்பு இழுத்துட்டுச் சொன்னாரு: "தம்பி, சீட்டு இல்லாத பைல் எங்க இருக்கு, அதைக் காட்டு. அதுலதான் ஏதோ விசயம் இருக்கும்." எல்லாக் கட்டுலயும் அந்தச் சீட்டு இருந்தா என்ன செய்ய? அதனால 'மோஸ்ட் இம்மீடியட்'னு ஒண்ணு வந்துச்சு. ஏம்லே, நடுவுல ஒண்ணுமே இல்லைங்கதுக்குப் பேரு இம்மீடியட். ஒண்ணுமே இல்லாததுல ரொம்ப ஒண்ணுமே இல்லாதது எது? செத்தவங்கள்ல நல்லாச் செத்தவன்னு உண்டா? ஆனா ஒரு ஆபீஸ் அந்தச் சீட்டுலதான் உசிரோட இருக்கும்.

உண்மையிலேயே இம்மீடியட்டா ஒண்ணு நடந்து நான் பாத்தது 1980 நவம்பர்ல. எம்.ஜி.ஆர். சர்க்கார் அவசரச் சட்டம் போட்டு ஊர்க் கணக்குப்பிள்ளை, முன்சீப்பு வேலையை எல்லாம் ஒழிச்சிட்டு. தலைமுறை தலைமுறையாத் தகப்பன்கிட்ட இருந்து மகன் வாங்கிக்கிட்டு வந்த வேலை. காலையில கணக்குப்பிள்ளையா எந்திரிச்சவரு, ராத்திரி வெறும் பிள்ளையாப் படுத்தாரு. அடங்கலும் சிட்டாவும் துணியில கட்டி, வில்வண்டியில வச்சுத் தாலுகா ஆபீஸ் வாசல்ல கொண்டாந்து எறக்குனாங்க. ஒருத்தர் கட்டைக் கையில குடுத்துட்டு, கட்டுன துணியை மட்டும் அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாரு. "துணி எங்க வீட்டுதுல்லா"ன்னாரு. வழக்கு டெல்லி வரைக்கும் போச்சு. சுப்ரீம் கோர்ட்டு 1982-ல ஒழிச்சது செல்லும்னுட்டு. பாத்துக்கோ, மேல இருந்து கீழ வாரதுக்கு நடுவுல ஒரு ராத்திரிகூட இல்ல. கீழ இருந்து மேல போய்ப் பதில் வாங்க ஒண்ணரை வருசம்.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனான்னு கேளு. 'சூன்'ங்கானே, அந்தக் காலத்து இங்கிலீஷ்ல அதுக்கு 'இந்த நிமிசமே'ன்னு அர்த்தம். 'ப்ரெசென்ட்லி' அப்படித்தான். 'பை அண்ட் பை'யும் அப்படித்தான். 1611-ல போட்ட இங்கிலீஷ் பைபிள்ல அது 'உடனே'ங்க அர்த்தத்துலதான் நிக்கு. எல்லாம் நாள்பட நாள்பட 'கொஞ்சம் பொறுத்து'ன்னு இளகிப் போச்சு. ஏன்? உடனே வாரேன்னு சொல்லிச் சொல்லி எவனும் வரலை. அகராதி எழுதுனவன் என்ன செய்வான், ஆள் வந்த நேரத்தைப் பாத்து அர்த்தத்தை மாத்திட்டான். உன் பாட்டி "இந்தா வந்துட்டேன்"ம்பா. நான் அதுக்குள்ள ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சிருவேன். 'வந்துட்டேன்'னு இறந்த காலத்துல சொல்லிட்டு எதிர்காலத்துல வாரதுக்கு எந்த நாட்டு இலக்கணத்துல இடம் இருக்கு?

இந்த 'தட்கல்' டிக்கெட்டு இருக்கே, 1997-ல ரயில்வேக்காரன் கொண்டாந்தது. தத்காலம்னு பிரிச்சுப் பாரு. இந்திக்காரனுக்கு அது 'உடனடி'. அதே சொல்லு நம்ம ஊருக்கு வந்து 'தற்காலிகம்' ஆயிட்டு, நம்மாளுக்கு அது 'நெலைக்காதது'. நாளைக்குப் போற ரயிலுக்கு இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு ஏசி, பதினோரு மணிக்கு மத்தது. நீ விரலை வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே. ரெண்டு நிமிசத்துல எல்லாம் காலி. அப்ப எந்த அர்த்தம் சரி, இந்தி சொல்லுததா, தமிழ் சொல்லுததா? நீயே சொல்லு.

துட்டு அனுப்புததுல மட்டும் சொல்லுக்கு மரியாதை குடுத்திருக்கான். ஐ.எம்.பி.எஸ்.னு ஒண்ணு, 2010-ல வந்தது. முதல் ரெண்டு எழுத்து இம்மீடியட்டுதான். பலபேரு இன்ஸ்டன்ட்னு சொல்லிக்கிட்டு அலையுதான். நெஃப்ட் இருக்கே, அது டவுன் பஸ் மாதிரி. அரைமணிக்கு ஒருக்க, ஆள் சேத்துக்கிட்டுப் போகும். ஐ.எம்.பி.எஸ். உனக்குன்னு ஒரு ஆட்டோ. உன் துட்டு ஏறுனதும் கெளம்பிரும். இதுலயும் நடுவுல ஒருத்தன் உக்காந்து ரெண்டு பேங்கையும் கோத்துவிடத்தான் செய்யுதான். நம்ம கண்ணுக்குத் தெரியலை, அதனால இல்லைன்னு வச்சிக்கிடுதோம். தரகன்னா அப்படி இருக்கணும்.

பேச்சு வாக்குல ஒரு சூதானமும் சொல்லி வைக்கேன். இங்கிலீஷ்ல வினையோட சேக்கணும்னா வால்ல ஒரு 'லி' ஒட்டணும். நம்மாளுக்கு அந்தக் கவலையே கிடையாது. "இம்மீடியட்டா வா"ன்னு ஒரு 'ஆ' போட்டு வேலையை முடிச்சிட்டான். எழுதும்போது மட்டும் அந்த 'ஆ'வைக் கழட்டிட்டு 'லி'யை மாட்டிரு. வேலை விளம்பரத்துல 'இம்மீடியட் ஜாயினர்'னு போடுதானே, அதைப் பாத்துச் சந்தோசப்படாத. உனக்கும் அந்த நாற்காலிக்கும் நடுவுல நோட்டீசு மாசமும் இருக்கப்படாது, வேற வேலையும் இருக்கப்படாதுன்னு அர்த்தம். சும்மா இருக்கவனைக் கூப்பிட இவ்வளவு மரியாதையான சொல்லு வேற இல்ல. பொண்ணு வீட்டுக்காரங்க கேட்டா மட்டும் மூணு மாசம் நோட்டீசு இருக்குன்னு சொல்லு, கிராக்கி கூடும்.

இப்ப உன் லீவுக்கு வாரேன். 'இம்மீடியட் ஃபேமிலி'ன்னா யாரு? பொண்டாட்டி, பிள்ளை, அப்பா, அம்மை, கூடப்பிறந்தது. உன் கம்பெனி மட்டும் இல்ல, பங்குச் சந்தையைக் காவல் காக்குற செபி 2015-ல போட்ட விதியிலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். அதுல பொண்டாட்டியோட அப்பா, அம்மை, மச்சினன்கூட உண்டு. உன் துட்டுல சாப்பிடணும், இல்ல உன்கிட்டக் கேட்டுக்கிட்டுப் பங்கு வாங்கணும், அவ்வளவுதான். மாமியா பக்கத்துல, பெரியப்பா தூரத்துல! விதி எழுதுனவன் வீட்டோட மாப்பிள்ளையா இருந்திருப்பான்.

அவன் பாஷையில பெரியப்பாவுக்குச் சொல்லே கெடையாது. அங்கிள்ம்பான். மாமாவும் அங்கிள், சித்தப்பாவும் அங்கிள், பால்காரனும் அங்கிள். நம்ம பாஷையில அவரு பெரிய அப்பா. உன் அப்பன் துபாய்ல கெடந்த ஏழு வருசமும் உன் ப்ராக்ரஸ் கார்டுல யாரு கையெழுத்து? பரணுல இருக்கும், எடுத்துப் பாரு. அவரு பேரு எழுதுன கோட்டுக்குக் கீழ அச்சடிச்சிருப்பான்: 'தகப்பனார் கையொப்பம்'. நீ கணக்குல பதினேழு வாங்குனப்ப, அந்தக் கோட்டுக்கும் அவருக்கும் நடுவுல யாரும் இல்ல. அடியும் அவருதான் குடுத்தாரு, அப்புறம் புரோட்டாவும் அவருதான் வாங்கிக் குடுத்தாரு. பாரத்துல 'ஃபாதர்'னு எழுது, பக்கத்துல சின்னதா 'பெரிய'ன்னு போடு. எத்தனை ஃபாதர்னு கேட்டா, அவரு இருந்த வரைக்கும் ரெண்டுன்னு சொல்லு. பொய் இல்லையே.

ஒண்ணு மட்டும் என் காதுல நல்லா விழுந்துச்சு. அந்த இம்மீடியட் ஃபேமிலிப் பட்டியலை நீ உங்க அம்மைக்கு வாசிச்சுக் காட்டுனியே, அதுல தாத்தா இல்ல. நீ வாசிக்காம விட்டியோன்னு ரெண்டாந் தடவையும் கேட்டேன். இல்ல. பரவாயில்லடா. உனக்குச் சனியும் ஞாயிறும் லீவுதானே? வெள்ளிக்கிழமை சாயங்காலமாப் பாத்துப் போயிருதேன், உன் லீவு ஒண்ணும் குறையாது. எடுக்கும்போது சனிக்கிழமை ஆயிரும். சனிப்பொணம் தனிப் போகாதும்பாங்க, பாடையில ஒரு கோழிக்குஞ்சைக் கட்டணும். அந்தத் துட்டை மட்டும் இப்பவே உங்க அம்மை கணக்குல போட்டுவிட்ரு. ஐ.எம்.பி.எஸ்.ல போடு, டவுன் பஸ்ல வேண்டாம்.