வெள்ளத்துக்கு யார் பொறுப்பு?

கேள்வி: பருவநிலை மாற்றத்துக்குத் திட்டம் போடுவது டெல்லியா, கோட்டையா, மாநகராட்சியா? வேளச்சேரியில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தால் நான் யாரைக் கேட்பது?

பதில்: மூவரையும் கேளுங்கள். கவுன்சிலரிடமிருந்து தொடங்குங்கள், அவர் வீடுதான் பக்கத்தில் இருக்கிறது!

2070-க்குள் நிகரப் பூஜ்ய உமிழ்வு என்று 2021-இல் கிளாஸ்கோவில் உலகுக்கு வாக்குக் கொடுத்தது ஒன்றிய அரசு. ஆனால் மழைநீர் வடிகாலைத் தூர்வாருவது மாநகராட்சி. ஏரியும் ஆறும் மாநில நீர்வளத் துறையின் கையில். மின்சாரமும் காடும் ஒன்றியமும் மாநிலமும் பகிர்ந்துகொள்ளும் பொதுப்பட்டியலில். காடு மாநிலப் பட்டியலிலிருந்து அங்கே போனது 1976-இல், 42-ஆவது திருத்தத்தால்.

உங்கள் பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே பாருங்கள். ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின் கீழ் 2022-இல் அது ராம்சர் தலமானது. அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்ட நாடு இந்தியா. சதுப்பு நிலத்தைக் காப்பது மாநில வனத்துறை. அதன் ஒரு பகுதியில் பல பத்தாண்டுகள் குப்பை கொட்டியது மாநகராட்சி. மழைநீரை உறிஞ்ச வேண்டிய பஞ்சின் மேல் குப்பைமலை ஏறி உட்கார்ந்தது. அந்தத் தண்ணீர்தான் உங்கள் வாசலைத் தேடி வருகிறது.

அதிகாரம் பிரிந்திருப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். தெருவின் மேடு பள்ளம் டெல்லிக்குத் தெரியாது. நிலக்கரி மின்நிலையத்தை மூடுவது கவுன்சிலரால் ஆகாது. என் கோபமெல்லாம் பணத்தின் மீது. பொறுப்பு கீழே இறங்கும் வேகத்தில் நிதி இறங்குவதில்லை. வீட்டுவரியை நம்பி நிற்கும் மாநகராட்சி புயலை எப்படிச் சமாளிக்கும்? அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் வடிகாலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். அதற்கு மேலிருந்து எவ்வளவு வந்தது என்றும் கேளுங்கள்.